டீக்கடைக் கணக்கும் பாங்கிக் கமிஷனும்

பேராவூரணிக் கடைத்தெருவில் விடிவதற்கு முன்பே பாய்லர்கள் கொதிக்கத் தொடங்கிவிடுகின்றன. பட்டுக்கோட்டையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் வரும் முதல் பஸ்களின் பிரயாணிகள், தேங்காய் உரிக்கப் போகும் தொழிலாளிகள், சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து மீன்கூடையுடன் வருகிறவர்கள், நாற்றுப் பறிக்கப் புறப்பட்ட பெண்கள் ஆகிய எல்லோரும் பகல் வேலையைத் தொடங்குமுன் ஒரு கிளாஸ் டீக்காக நிற்கும் இடங்கள் அவை. கல்லாப்பெட்டிக்கு முன்னால், சாமி படத்துக்குக் கீழே, கறுப்பும் வெளுப்புமாகக் கட்டங்கள் அச்சிட்ட கியூ.ஆர். அட்டை ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. குடித்தவர் தம் கைபேசியை அட்டைக்கு நேரே காட்டிய மறு விநாடியில், இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று பெட்டி உரக்கச் சொல்லுகிறது. கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

பத்து வருஷங்களுக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். ஆனால் வியப்புடன் நின்றுவிடாமல் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவ்வாறு பணம் கைமாறுவதற்கு ஒரு செலவு உண்டு. அச்செலவை ஏற்கிறவர் யார்? குடிக்கிறவரா, கடைக்காரரா, பாங்கியா, சர்க்காரா? இது அற்ப விஷயம் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் எண்ணக்கூடும். ஒரு கிளாஸ் டீயில் இரண்டு ரூபாய் மிஞ்சினால் போதுமென்று பிழைக்கிறவருக்கு இது அற்ப விஷயமல்ல.

முதலில் கமிஷன் என்பது என்னவென்று பார்ப்போம். ஒருவர் கார்டைக் கொடுத்துச் சாமான் வாங்கும்போது, அவருக்குக் கார்டு வழங்கிய பாங்கி ஒன்று. கடைக்காரருக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்த பாங்கி ஒன்று. இரண்டுக்கும் நடுவே கணக்கைத் தீர்த்து வைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற ஸ்தாபனம் ஒன்று. இம்மூன்றும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சம் கடைக்காரரின் கணக்குக்கு வருகிறது. இந்தக் கழிவுக்கு எம்.டி.ஆர். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய லேவாதேவிக்காரர்கள் 'வட்டம்' என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்கள்.

கடைமடை விவசாயிக்கு இதை விளக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. மேட்டூர் அணையுடன் 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் பிரதேசம் இது. மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் இவர்கள் வயலுக்கு வரும். கார்டுப் பணமும் அப்படியே வருகிறது.

பழைய ஏற்பாட்டையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டுத் தபாலாபீஸில் மணியார்டர் 1880-இல் ஏற்பட்டது. வெளியூரில் வேலை பார்த்த எத்தனையோ பிள்ளைகளின் சம்பளம் இந்தக் கிராமங்களுக்கு அதன் வழியாகவே வந்து சேர்ந்தது. அதற்கும் கமிஷன் உண்டு. பிற்காலத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் வாங்கினார்கள். அது குறைந்த கூலி என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. அனுப்புகிறவர் கமிஷனைத் தனியாகக் கட்டினார், ரசீதும் பெற்றார், தாயார் கையில் முழுத் தொகை விழுந்தது. கூலி எவ்வளவு என்பது கொடுத்தவர் கண்ணுக்கும் பெற்றவர் கண்ணுக்கும் தெரிந்தது. கார்டில் ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. செளகரியத்தை அனுபவிக்கிறவர் பணம் கொடுப்பவர். கூலி கட்டுகிறவர் பணம் பெறுபவர். அதையும் அவர் வெளியே சொல்லிக் கேட்கக் கூடாது. டெபிட் கார்டுக்கான கமிஷனை வாடிக்கைக்காரர் தலையில் வியாபாரிகள் சுமத்தாதபடி பாங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று 2017 டிசம்பரில் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. உத்தரவின் நோக்கம் நல்லதே. ஆயினும், தனியாகக் கேட்கக் கூடாத ஒரு செலவு எங்கே போகும்? விலைக்குள்தான் போகும்.

இந்தக் கமிஷனின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2012 செப்டம்பர் முதல் டெபிட் கார்டுக்கு, 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு நூற்றுக்கு முக்கால் ரூபாயும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் உச்ச வரம்பென்று ரிஸர்வ் பாங்கி விதித்தது. 2016 நவம்பர் 8-ந் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டதையடுத்துச் சில்லறைக்கு நாடே தவித்தபோது, 2017 ஜனவரி முதல் சிறு தொகைகளுக்கு இது தாற்காலிகமாக இன்னும் குறைக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் தொகையை விட்டுவிட்டுக் கடையின் அளவைப் பார்த்தார்கள். வருஷ விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடைக்கு மெஷின் வழியே 0.40 சதவிகிதம், மேற்பட்ட கடைக்கு 0.90 சதவிகிதம். பிறகு 2019-ஆம் வருஷத்து பட்ஜெட்டில் நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் அறிவித்தபடி, 2020 ஜனவரி 1-ந் தேதி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ. முறைக்கும் கமிஷனே கிடையாது என்று ஆயிற்று. கிரெடிட் கார்டுக்கு மட்டும் வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை; அது நூற்றுக்கு இரண்டு ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் ஓடுகிறது.

ஆகவே, வாடிக்கைக்காரர் தம் பாங்கிக் கணக்கிலிருந்து நேரே யு.பி.ஐ. மூலம் கொடுக்கும் டீக்காசில் இன்று கமிஷன் பூஜ்யம். 'ஜிபே வந்தது, டீ விலையும் ஏறிற்று' என்று பெஞ்சியில் உட்கார்ந்து சொல்லுகிறவர்களின் பேச்சுக்கு ஆதாரமில்லை. விலை ஏறியதற்குப் பாலும் சர்க்கரையும் காஸ் சிலிண்டரும் கடை வாடகையும் மாஸ்டர் சம்பளமும் பதில் சொல்லட்டும். கைபேசி குற்றவாளியல்ல. உண்மையில் அது விலையைக் கட்டுப்படுத்தவும் செய்திருக்கிறது. முன்பெல்லாம் சில்லறைக் கஷ்டத்தினாலேயே டீயின் விலை பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்கோ பதினைந்துக்கோ தாவ வேண்டியிருந்தது. மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாயைக் கையில் திணித்த கடைகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது பதினொன்று, பதின்மூன்று என்றும் விலை வைக்க முடியும்.

அப்படியானால் நாம் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தப் பூஜ்யம் என்றைக்கும் பூஜ்யமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததுதான் கவலை. கமிஷன் மீண்டும் வந்தால் டீக்கடையில் என்ன நேரும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஒரு கடையில் நாளொன்றுக்கு 400 கிளாஸ் டீ, கிளாஸ் 12 ரூபாய் வீதம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 4,800 ரூபாய். எல்லாச் செலவும் போகக் கிளாஸுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறதென்றால் கடைக்காரருக்கு 800 ரூபாய். எல்லோரும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷனுள்ள வழியில் பணம் கொடுத்தால், கிளாஸுக்கு 24 காசு, நாளொன்றுக்கு 96 ரூபாய் போய்விடும். இரண்டு சதவிகிதம் என்று காதில் விழும்போது இலேசாகத்தான் இருக்கிறது. ஆனால் கமிஷன் கணக்கிடப்படுவது விற்பனையின்மேல். கடைக்காரர் சாப்பிடுவது லாபத்திலிருந்து. அவருடைய 800 ரூபாயில் 96 ரூபாய் என்பது நூற்றுக்குப் பன்னிரண்டு! நகைக்கடைக்காரருக்கும் துணிக்கடைக்காரருக்கும் இரண்டு சதவிகிதம் இரண்டு சதவிகிதமாகத் தோன்றலாம். டீக்கடைக்காரருக்கு அது எட்டில் ஒரு பங்கை நெருங்குகிறது.

சரி, அந்த 24 காசை விலையில் சேர்க்கட்டுமே என்றால், சேர்க்க முடியாது. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் மாதத்துடன் செல்லாக் காசுகளாகிவிட்டன. 50 காசு சட்டப்படி செல்லும். கடைத்தெருவில் அதை வாங்குவாரில்லை. டீயின் விலை ரூபாய் ரூபாயாகத்தான் நகரும். 12 ரூபாய் 13 ஆக வேண்டும். அல்லது 24 காசைக் கடைக்காரர் விழுங்க வேண்டும். எதிர்க்கடையில் 12-க்கே விற்றால் இவர் 13 என்று எழுதத் துணிவாரா? மாட்டார். பல நாள் விழுங்குவார். பிறகு பால் விலையோ காஸ் விலையோ ஏறி, உயர்த்தலாமா வேண்டாமா என்று எல்லாக் கடைகளும் ஊசலாடும் ஒரு நாளில், இந்தச் சில்லறைப் பாரமும் சேர்ந்து தராசுத் தட்டைச் சாய்த்துவிடும். அன்று விலை ஏறுவதற்குக் கமிஷன் காரணமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காரணங்களில் அது ஒன்றாக இருக்கும்.

விலை ஏறும்போது எல்லோருக்குமாகவே ஏறுகிறது. கார்டு காட்டுகிறவருக்கு 13, ரொக்கம் கொடுப்பவருக்கு 12 என்று எந்த டீக்கடையிலும் பலகை எழுதுவதில்லை. நடவுக் கூலியை ரொக்கமாக வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வரும் பெண்மணி எந்தப் பாங்கியையும் வேலை வாங்கவில்லை. அவர் கொடுத்த பத்து ரூபாய் நோட்டுக்கும் இரண்டு ரூபாய்க் காசுக்கும் எவரும் கமிஷன் கழிக்கவில்லை. ஆனாலும் உயர்ந்த விலையை அவரும் கொடுத்தாக வேண்டும். மற்றொரு புறம், சற்றுப் பெரிய பேக்கரியில் கிரெடிட் கார்டால் 300 ரூபாய் பில் கட்டும் கனவானுக்குக் கார்டு ஸ்தாபனம் 'பாயிண்டு'களை வெகுமதியாக அளிக்கிறது. அந்த வெகுமதியின் ஒரு பகுதி கடைக்காரரிடம் கழித்த ஆறு ரூபாயிலிருந்து வருவதுதான். கடைக்காரர் அந்த ஆறு ரூபாயை எல்லாப் பண்டங்களின் விலையிலும் பரப்பி வைக்கிறார். ஆக, ரொக்கம் கொடுத்து இரண்டு பன் வாங்கிப் போகும் ஏழையின் காசில் ஒரு துளி, கார்டு வைத்திருப்பவரின் விமான டிக்கெட்டுக்குப் போய்ச் சேருகிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கூலி மறைந்திருப்பதன் விளைவு இது. கமிஷன் இருப்பதைவிடக் கமிஷன் கண்ணுக்குத் தெரியாமலிருப்பதையே நாம் அதிகமாகக் கண்டிக்கிறோம்.

ரொக்கத்துக்கும் செலவு இல்லாமலில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணுவதற்கு நேரம், கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு, கல்லாவில் கை வைக்கும் ஆள், இவையெல்லாம் கடைக்காரருக்கு நஷ்டமே. ஆயினும் ரொக்கத்தை ஒழித்துவிட வேண்டும் என்று பேசுகிறவர்கள் 2018 நவம்பர் 16-ந் தேதியை நினைத்துக்கொள்வது நல்லது. அன்று விடியற்காலையில் அடித்த கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாயின. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன, கைபேசிகள் ஊமையாயின. அந்த நாட்களில் டீக்கடைகளைக் காப்பாற்றியவை கையிலிருந்த சில்லறையும், கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் கணக்கு நோட்டுமே. 'அக்கவுண்டில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே' என்ற வார்த்தைக்கு எந்தக் காலத்திலும் கமிஷன் கிடையாது.

நோட்டுக் கணக்கில் இவ்வட்டாரத்தார் தேர்ந்தவர்கள். ஆடி, ஆவணி மாதங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் நடக்கும் மொய் விருந்துகளைப் பற்றி அறியாதவர் இல்லை. யார் எவ்வளவு போட்டார் என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகும் நோட்டுப் புரட்டிச் சொல்லுவார்கள். ஆயிரம் ரூபாய் போட்டவருக்கு 990 என்று எழுதிவைத்தால் அவர் வீட்டார் சும்மா இருப்பார்களா? வழியில் பத்து ரூபாய் எங்கே போயிற்று என்ற கேள்வியே முதலில் எழும்.

பூஜ்யக் கமிஷன் உள்ள இன்றைய நிலையிலும் சிறு கடைக்காரர் வேறு வழியில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பணம் கட்டியதாகப் பொய்ப் படத்தைக் கைபேசியில் காட்டிவிட்டு நழுவுகிறவர்கள் தோன்றிய பிறகு, உரக்கச் சொல்லும் பெட்டி கடைக்கு அவசியமாகிவிட்டது. அதைக் கொடுக்கும் கம்பெனிகளில் பல மாதவாடகை வாங்குகின்றன. ஒரு கடைக்காரரை நாம் விசாரித்தபோது, "மாதம் நூறு ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள் தம்பி. எந்தத் தேதியில் பிடித்தார்கள் என்று பார்க்க எனக்கு நேரமில்லை; என் மகன்தான் பார்த்துச் சொல்லுவான்" என்றார். நாளொன்றுக்கு 400 கிளாஸ் விற்கும் கடைக்கு நூறு ரூபாய் என்பது கிளாஸுக்கு ஒரு காசுகூட ஆகாது. ஆனால் தெருமுனையில் தள்ளுவண்டியில் 40 கிளாஸ் விற்கும் அம்மாளுக்கு அது கிளாஸுக்கு எட்டுக் காசுக்கு மேல் வருகிறது. மாதத்தில் ஒரு முழு நாள் உழைப்பின் லாபம் பெட்டி வாடகைக்கே சரியாகிவிடுகிறது. சதவிகிதக் கமிஷன் லாபம் மெலிந்தவரை அடிக்கிறது. நிலையான வாடகை விற்பனை மெலிந்தவரை அடிக்கிறது. இரண்டும் ஒருங்கே அமைந்தவர்களே நம் தெருமுனை வியாபாரிகள்.

மற்றொரு பயமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடக ராஜ்யத்து வணிக வரி இலாகா, சில வருஷங்களின் யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து, ஜி.எஸ்.டி. பதிவு செய்யாத சிறு வியாபாரிகள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. உடனே பெங்களூரில் டீக்கடைகளும் பேக்கரிகளும் 'யு.பி.ஐ. கிடையாது, ரொக்கம் மட்டுமே' என்று அட்டை தொங்கவிட்டன. பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று அந்த சர்க்கார் பிறகு இறங்கி வந்தது. வரி கட்ட வேண்டியவர் கட்ட வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அட்டையை வைக்கும்படி வீடுவீடாக வந்து சொன்ன காலத்தில், அதில் விழும் ஒவ்வொரு ரூபாயும் விற்பனையாக எண்ணப்படும் என்பதை இந்த வியாபாரிகளுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் அதே அட்டை வழியாகத்தானே வருகிறது!

இனிப் பாங்கிகளின் வாதத்தையும் கேட்போம். பணத்தை நகர்த்துவது இனாமாக நடக்கும் காரியமல்ல என்று அவர்கள் சொல்லுகிறார்கள். அது உண்மை. 800 ரூபாய் யு.பி.ஐ. மூலம் ஒரு வியாபாரிக்குப் போக, சம்பந்தப்பட்ட எல்லோருக்குமாக இரண்டு ரூபாய் செலவாகிறது என்று 2022 ஆகஸ்டில் வெளியிட்ட ஆலோசனைப் பத்திரத்தில் ரிஸர்வ் பாங்கி கணக்கிட்டது. வியாபாரி கொடுக்காத அந்தக் கூலியை இந்திய சர்க்கார் ஓரளவு ஈடு செய்துவருகிறது. 2023-24-இல் இதற்காக 3,600 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். 2024-25-க்கு 1,500 கோடியே ஒதுக்கினார்கள். அதுவும் சிறு வியாபாரிகளிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான வரவுகளுக்கு நூற்றுக்கு 15 காசு வீதம் மட்டுமே. பரிவர்த்தனைகளோ பெருகிக்கொண்டே போகின்றன. 2025 ஆகஸ்டு ஒரு மாதத்தில் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல் யு.பி.ஐ. மூலம் பணம் கைமாறிற்று. உதவிப் பணம் சுருங்க, வேலை பெருக, பாங்கிகள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. பெரிய வியாபாரிகளிடமாவது நூற்றுக்கு 30 காசு வாங்க அனுமதிக்க வேண்டுமென்று இத்தொழிலிலுள்ள ஸ்தாபனங்களின் சங்கம் 2025-இல் பிரதம மந்திரிக்கு எழுதிற்று. கமிஷன் வரப்போகிறது என்ற வதந்தியை அவ்வருஷம் ஜூன் 11-ந் தேதி நிதி இலாகா திட்டவட்டமாக மறுத்தது. ஆனால் அடுத்த மாதமே, செலவை யாராவது ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கருத்தை ரிஸர்வ் பாங்கி கவர்னர் ஸ்ரீ சஞ்சய் மல்ஹோத்ரா வெளியிட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு, விவாதம் முடிந்துவிட்டதென்று தோன்றாது.

'பெரிய வியாபாரிகளிடம் மட்டும்' என்ற வார்த்தைகளில்தான் டீக்கடைக்காரருக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெரியவர் யார்? டெபிட் கார்டு விஷயத்தில் ரிஸர்வ் பாங்கி வைத்த 20 லட்சம் ரூபாய் எல்லையை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கடையின் டீ விற்பனை மட்டும் வருஷத்துக்கு 17 லட்சத்து 52 ஆயிரம் ஆகிறது. உளுந்து வடையும் பஜ்ஜியும் சேர்த்து நாளுக்கு 1,500 ரூபாய் கூடுதலாக விற்றால் 23 லட்சத்தைத் தொட்டுவிடும். தினம் எண்ணூறும் ஆயிரமும் மிச்சம் பார்க்கும் மனிதர், புருஷனும் மனைவியுமாக அடுப்படியில் நின்று வேகிறவர், சட்டத்தின் கண்ணில் 'பெரிய வியாபாரி' ஆகிவிடுகிறார்! விற்பனையை அளவுகோலாகக் கொண்டால் இந்த விபரீதம் தவிர்க்க முடியாதது. டீக்கடை என்பது விற்பனை பெருத்து லாபம் சிறுத்த தொழில்.

வெளிநாடுகளின் அனுபவம் இவ்விஷயத்தில் நமக்கு உதவும். அமெரிக்காவில் 2010-இல் செய்த சட்டத்தின்படி பெரிய பாங்கிகளின் டெபிட் கார்டுக் கூலிக்கு வரம்பு விதித்தார்கள். 2011 அக்டோபரில் அமலுக்கு வந்த அந்த வரம்பு, ஒரு தடவைக்கு 21 சென்டும் அதன்மேல் மிகச் சிறிய ஒரு சதவிகிதமும் ஆகும். சராசரியான வியாபாரத்துக்கு இது பெரும் குறைப்பே. ஆனால் காப்பிக்கடைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இரண்டு டாலர் காப்பி போன்ற சிறு தொகைகளுக்குக் கார்டு ஸ்தாபனங்கள் அதற்கு முன் சலுகை விகிதத்தில் ஏழு சென்ட் அளவில் வாங்கிவந்தன. வரம்பு வந்ததும் அச்சலுகையை எடுத்துவிட்டு, வரம்பு அனுமதித்த முழுத் தொகையையும் வாங்கத் தலைப்பட்டன. கூலியைக் குறைக்க வந்த சட்டம் காப்பிக்கு மூன்று மடங்கு கூலியைக் கொண்டுவந்தது. சராசரியைப் பார்த்துப் போடும் விதி, சராசரிக்கு வெகு கீழே இருப்பவரை நசுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி. கமிஷனை வாடிக்கைக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்க 2003 முதல் வியாபாரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே காப்பிக்கடைப் பில்லில் கார்டுக்கென்று தனிக் கட்டணம் சேர்வது சகஜமாயிற்று. மறைவு நீங்கிற்று என்பது லாபம். ஆனால் ரொக்கம் அருகிப் போனபின் கட்டணத்துக்குத் தப்ப வழியில்லையே என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு ரிஸர்வ் பாங்கியே இந்தத் தனிக் கட்டணத்தை நீக்க யோசனை வெளியிட்டது. இங்கிலாந்தில் 2018 ஜனவரியிலேயே தனிக் கட்டணத்தைத் தடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய யூனியனில் 2015 முதல் கார்டு வழங்கிய பாங்கி எடுக்கும் பங்குக்கு டெபிட் கார்டில் 0.2 சதவிகிதம், கிரெடிட் கார்டில் 0.3 சதவிகிதம் என்று வரம்பு உண்டு. நம் நாட்டில் கிரெடிட் கார்டுக்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லாதது ஏன் என்று நாம் கேட்கிறோம். பேராவூரணி போன்ற ஊர்களிலும் குளிர்சாதன வசதியுடன் காப்பி ஷாப்புகள் தோன்றி, இளைஞர்கள் கிரெடிட் கார்டை நீட்டத் தொடங்கிவரும் காலத்தில், இக்கேள்வி பட்டணத்தாருக்கு மட்டும் உரியதல்ல.

சர்க்கார் செய்ய வேண்டுவது என்ன என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைக் கூறிவிடுகிறோம். யு.பி.ஐ.யில் என்றாவது கமிஷன் விதிக்க நேர்ந்தால், கடையின் வருஷ விற்பனையை மாத்திரம் பார்த்து எல்லை வகுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொடுக்கப்படும் தொகையைப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் ஹோட்டலில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிடும் பில் அளவான ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட எந்தத் தொகைக்கும், கடை எவ்வளவு பெரியதாயினும், கமிஷன் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். 2012-இலும் 2017-இலும் ரிஸர்வ் பாங்கி தொகையைப் பார்த்தே விகிதம் வகுத்திருக்கிறது. ஆகவே இது நடக்காத காரியமல்ல. பெட்டி வாடகையைப் பொறுத்த வரையில், மாதத்தில் குறிப்பிட்ட தொகைக்குக் கீழ் வரவுள்ள கடைகளுக்கு அதை நீக்கவும், மற்றவர்களிடம் பிடிக்கும்போது தேதியையும் தொகையையும் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பவும் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தலாம். கிரெடிட் கார்டின் கமிஷன் எவ்வளவென்பதைப் பில்லிலேயே அச்சிடச் செய்யலாம். கேட்டு வாங்குவது வேறு, தெரியச் செய்வது வேறு.

சர்க்காரின் 1,500 கோடி ரூபாயும் ஜனங்களின் வரிப் பணமே, அதில் நாற்றுப் பறிக்கும் பெண்மணியின் பங்கும் இருக்கிறதே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் வரிப் பணத்துக்குப் பார்லிமெண்டில் கணக்குக் கேட்கலாம். 24 காசு டீயின் விலைக்குள் புகுந்துவிட்டால் அதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

பேராவூரணியில் நாம் பேசிய கடைக்காரர் இந்த விவாதங்களைப் பத்திரிகையில் படித்திருக்கவில்லை. கமிஷன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். சிறிது யோசித்தார். "அட்டையைத் திருப்பி வைத்துவிடுவேன்" என்றார். பிறகு பாய்லரின் பக்கம் திரும்பி, காத்திருந்த நால்வருக்கு டீ ஆற்றத் தொடங்கினார். அவர்களில் மூவர் கைபேசியை எடுத்திருந்தார்கள்.